பேத்தியின் பெயர்: பழம் பெண்பெயர்களின் மீள்வரவு குறித்த கருத்து வேறுபாடுகள்

தமிழகத்தில் ஏறத்தாழக் கடந்த இருபது ஆண்டுகளாகப் பெண் குழந்தைகளுக்குச் சூட்டப்படும் பெயர்களில் ஒரு திருப்பம் தென்படுகிறது. பிரியா, தீபா, அனிதா, கவிதா என்று ஒரு தலைமுறையும் தர்ஷினி, ஹர்ஷிதா, வர்ஷா என்று அடுத்த தலைமுறையும் பெயர் பெற்ற வீடுகளில் இன்று ஆதிரை, குந்தவை, கோதை, யாழினி, வெண்பா, மீனாட்சி என்னும் பெயர்கள் கேட்கின்றன. பழைய பெயர்கள் திரும்பி வருகின்றன என்று பலர் மகிழ்கிறார்கள். பழைய பெயர்களோடு பழைய கட்டுகளும் திரும்பி வருமோ என்று வேறு சிலர் ஐயுறுகிறார்கள். பெயர் பெற்றோரின் விருப்பம், அதற்குள் வரலாறு தேடுவது வீண் என்போரும் உண்டு. இக்கருத்துகளை எடைபோடுவதற்கு முன்பு, ‘பழைய பெயர்’ என்ற ஒரே தொடர் மூன்று வேறு பொருள்களைச் சுமக்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். காப்பியங்களிலும் கல்வெட்டுகளிலும் அடியார் வரலாறுகளிலும் நிலைத்துவிட்ட குந்தவை, ஆதிரை, திலகவதி, புனிதவதி போன்றவை ஒரு வகை. பழந்தமிழின் சாயலில் அண்மையில் புனையப்பட்ட யாழினி, மகிழினி போன்றவை இன்னொரு வகை. அலமேலு, உலகம்மாள், பேச்சியம்மாள், காத்தாயி, செல்லாயி என்று இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்புவரை தெருவில் கூப்பிட்டுக்கொண்டிருந்த பாட்டிமார் பெயர்கள் மூன்றாம் வகை. இன்று திரும்பி வருபவை பெரும்பாலும் முதலிரண்டு வகைகளே. மூன்றாம் வகையில் பெருங்கோயில்களைச் சார்ந்த சில பெயர்கள் மட்டும் மீள, ஏனையவை அவற்றைத் தாங்கியிருந்த பெண்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. இந்த வேறுபாட்டைக் கருதாமல் பேசுவதாலேயே மீள்வரவைப் பற்றிய விவாதத்தில் ஒருவர் வரவேற்பது ஒன்றாகவும் மற்றவர் மறுப்பது வேறொன்றாகவும் இருந்துவிடுகின்றன.

முன்னோர் பெயரைப் பின்னோர்க்கு இடுவது தமிழில் உறவுச்சொல்லிலேயே பதிந்திருக்கிறது. பேரன், பேத்தி என்று இன்று வழங்கும் சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பவற்றின் மரூஉ, அதாவது பேச்சு வழக்கில் திரிந்து நிலைத்த வடிவம். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன், பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. பெயரன் என்னும் சொல் இப்பொருளில் நற்றிணையிலேயே காணப்படுவதால் இவ்வழக்கத்தின் தொன்மை தெளிவாகும். நகரத்தார் போன்ற சமூகங்களில் தந்தைவழிப் பெற்றோர், தாய்வழிப் பெற்றோர் என்று முறைவைத்துப் பெயரிடும் வழக்கம் இன்றும் உறுதியாக இருப்பதால்தான் உமையாள், விசாலாட்சி, வள்ளியம்மை, தெய்வானை, சிகப்பி ஆகிய பெயர்கள் செட்டிநாட்டில் வழக்கொழியவே இல்லை; ஒழியாத ஒன்றுக்கு மீள்வரவும் இல்லை. ஏனைய இடங்களில் இவ்வழக்கம் ஒரு சிக்கலோடு வாழ்ந்தது. கணவன், மாமனார், மாமியார் ஆகியோரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு மருமகளுக்கு இருந்ததால், மாமியாரின் பெயரையே தாங்கிய தன் மகளை அவள் பெயர் சொல்லி அழைக்க முடியவில்லை. ஆகவே குழந்தைக்கு இரண்டு பெயர்கள் அமைந்தன. முறைப்படி சூட்டிய பெயர் ஒன்று. பாப்பா, அம்மாளு, ராசாத்தி, தங்கம், குஞ்சு என்று வீட்டில் கூப்பிடும் பெயர் மற்றொன்று. முறைப்பெயர் மதிப்புக்குரியதாகப் பேழையில் இருக்க, கூப்பிடும் பெயரே பிள்ளையோடு விளையாடியது. பள்ளிச் சேர்க்கையின்போது எந்தப் பெயர் பதிவாயிற்றோ அதுவே பின்னர் நிலைத்தது என்பதால், பாட்டியின் பெயர் பல குடும்பங்களில் யாரும் மறுக்காமலேயே பள்ளிக்கூட வாசலில் நின்றுவிட்டது.

பாட்டிமார் பெயர்களைப் பொதுவாகப் ‘பட்டிக்காட்டுப் பெயர்’ என்று தள்ளுவோர் அவற்றில் உள்ள இடவரலாற்றைக் காண்பதில்லை. சங்கரன்கோவில் அம்மனுக்குக் கோமதி என்றும் ஆவுடையம்மை என்றும் பெயர். அதனால் அவ்வட்டாரத்தில் கோமதியும் ஆவுடையம்மாளும் மிகுதி. திருநெல்வேலியைச் சுற்றிக் காந்திமதி, பாபநாசத்தையும் தென்காசியையும் சுற்றி உலகம்மாள், திருவண்ணாமலைப் பக்கம் உண்ணாமலை, வைத்தீசுவரன் கோவிலைச் சார்ந்து தையல்நாயகி, திருவானைக்காவைச் சார்ந்து அகிலாண்டம், திருவொற்றியூரைச் சார்ந்து வடிவு, சேதுநாட்டில் திருவெற்றியூர் அம்மனை ஒட்டிப் பாகம்பிரியாள் என்று பெண்பெயர்களைக் கொண்டே ஒரு நிலப்படம் வரைந்துவிடலாம். பெருங்கோயில் இல்லாத ஊரில் எல்லைத் தெய்வமும் குலதெய்வமும் பெயர் தந்தன. நெல்லை, குமரிப் பகுதிகளில் இசக்கியம்மாளும் பேச்சியம்மாளும் மாடத்தியும், காவிரிப் பகுதியில் காத்தாயியும், வட மாவட்டங்களில் அங்கம்மாளும் அஞ்சலையும் அவ்வாறு வந்தவை. ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டவுடன் அவள் பிறந்த ஊரின் கோபுரத்தையோ ஆலமரத்தடியையோ ஊகிக்க முடிந்த காலம் அது. யாழினி எந்த ஊரிலும் யாழினியே. இதனைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊரை விட்டுப் பெயர்ந்து வாழும் குடும்பத்திற்கு ஊர் சொல்லாத பெயரே வசதியாகவும் இருக்கலாம். ஆயினும் இழப்பு இழப்புதான்.

இப்பெயர்களுள் பல தூய தமிழ்ப் பெயர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. அலமேலு என்பதைத் தெலுங்குப் பெயர் என்றோ வடமொழிப் பெயர் என்றோ கருதுவோர் பலர். அது அலர்மேல்மங்கை என்பதன் சிதைவு. அலர் என்பது மலர், மலரின்மேல் வீற்றிருக்கும் திருமகளை ஆழ்வார்கள் அவ்வாறு பாடினர். திருச்சானூர்த் தாயாரின் பெயராக வழங்கி, அலமேலுமங்கை என்று தெலுங்கு நாட்டில் பரவி, அங்கிருந்து அலமேலுவாகத் தமிழகத்துக்குத் திரும்பிய தமிழ்ச்சொல் அது. அதைப் பழம்பெயர் என்று கைவிட்டுவிட்டுப் புதிய தமிழ்ப் பெயர் தேடும் குடும்பங்கள் ஏராளம். வடமொழியிலும் தமிழிலும் இணையாக வழங்கிய தெய்வப் பெயர்களின் நிலையும் இதுவே. மீனாட்சிக்கு அங்கயற்கண்ணி என்றும், நாகப்பட்டினத்து நீலாயதாட்சிக்குக் கருந்தடங்கண்ணி என்றும், திருச்சிராப்பள்ளி அம்மைக்கு மட்டுவார்குழலி என்றும், திருவாரூர் அம்மைக்கு அல்லியங்கோதை என்றும், திருமறைக்காட்டு அம்மைக்கு யாழைப் பழித்த மொழியாள் என்றும் தமிழ்ப் பெயர்கள் உள்ளன. யாழ் என்ற சொல்லை விரும்பும் பெற்றோர்க்கு அதைவிட அழகிய ஒரு மூலம் கிடைப்பது அரிது.

ஆயினும் பாட்டிமார் பெயர்கள் எல்லாமே அன்பினால் இடப்பட்டவை அல்ல என்பதை மறைத்து அவற்றைப் போற்றுவது நேர்மையாகாது. அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்த வீட்டில், அடுத்துப் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பம்மாள் என்றும், பிச்சை எடுத்துப் பெற்றதாகப் பாவித்துப் பிச்சையம்மாள் என்றும், தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லித் தவிட்டம்மாள் என்றும் பெயரிட்டனர். மதிப்பில்லாத பொருளைக் கூற்றுவன் விரும்பமாட்டான் என்ற நம்பிக்கை அதற்கு அடிப்படை. கண்ணீரால் இடப்பட்ட அப்பெயர்களில் ஒரு தாயின் மன்றாட்டு இருக்கிறது. போதும்பொண்ணு, வேண்டாம் ஆகிய பெயர்களின் கதை வேறு. வரிசையாகப் பெண்கள் பிறந்த வீட்டில், இனியாவது ஆண் பிறக்க வேண்டும் என்று அப்பெயர்கள் இடப்பட்டன. ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதும் தான் விரும்பப்படாதவள் என்ற செய்தியைத் தானே உச்சரிக்க நேர்ந்தது. மராட்டிய மாநிலத்தில் இதே பொருளில் நகுசா, அதாவது வேண்டாதவள், என்று பெயர் பெற்ற 285 சிறுமியருக்குச் சாத்தாரா மாவட்டத்தில் 2011இல் அரசு நிகழ்ச்சியொன்றில் புதுப்பெயர்கள் வழங்கப்பட்டன. இத்தகைய பெயர்கள் ஒழிவதைக் குறித்து வருந்த எவருக்கும் காரணமில்லை.

சாதியின் பங்கு இதனினும் ஆழமானது. ஒடுக்கப்பட்ட மக்கள் பெருந்தெய்வங்களின் பெயர்களையும் மதிப்புக் குறிக்கும் பெயர்களையும் சூட்டிக்கொள்வதைப் பல ஊர்களில் ஆதிக்கச் சாதியினர் தடுத்தனர்; சூட்டியவற்றையும் முழுதாகச் சொல்லி அழைக்க மறுத்தனர். பதிவேட்டில் மாரியம்மாள் என்றிருந்தவள் வயலிலும் களத்திலும் வயது எவ்வளவானாலும் மாரியாகவே இருந்தாள். ஆகவே இன்று கிழப்பெயரின் அடையாளமாகக் கேட்கும் ‘அம்மாள்’ என்ற ஈறு, உழைக்கும் பெண்கள் பலருக்குக் கைக்கெட்டாத மரியாதையாக இருந்த காலம் ஒன்றுண்டு. இதனை அறிந்தால், கூலிக்காரக் குடும்பத்தின் முதல் பட்டதாரி தன் மகளுக்கு ஏன் காத்தாயி என்று பெயரிடாமல் ஹர்ஷிதா என்று பெயரிட்டார் என்பது விளங்கும். சாதியும் ஊரும் தெருவும் ஒட்டாத ஒரு பெயரை அவர் தேடினார். தமிழ் ஒலி இல்லாத பெயரே அவருக்கு அவ்விடுதலையைத் தந்தது. ஷ, ஹ, ஸ எழுத்துகள் நிறைந்த இப்பெயர்களைப் பொருளற்றவை என்று நகர்ப்புறப் படித்தோர் எள்ளுவது இந்த வரலாற்றை அறியாததால் நேரும் அநீதி. மீனாட்சி, விசாலாட்சி, ஜானகி என்னும் பெயர்களைச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வாழும் வசதியான குடும்பம் மீட்டெடுக்கும்போது அது நயமான தேர்வாகக் கருதப்படுகிறது. பட்டிக்காட்டாள் என்று அக்குழந்தையை எவரும் தாழ்த்தமாட்டார் என்ற உறுதி அக்குடும்பத்துக்கு இருக்கிறது. அவ்வுறுதி இல்லாதவருக்குப் பழைய பெயர் ஆபத்தான பெயர்.

இருபதாம் நூற்றாண்டின் பெயர் மாற்றங்களில் அரசியலின் கையும் தெளிவாகத் தெரிகிறது. 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம் தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டதோடு தம் பிள்ளைகளின் பெயர்களையும் மொழிபெயர்த்தார். திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். அவ்வியக்கத்தின் பிறப்போடு தொடர்புடையவரும், பின்னாளில் வடசொற்களுக்குத் தமிழ்ச்சொல் தரும் அகராதி தொகுத்தவரும், 1938இல் சென்னையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவருமான அவருடைய மகள் நீலாம்பிகை என்ற பெயராலேயே வரலாற்றில் நிற்கிறார் என்பது, பெயர் மாற்றம் எவ்வளவு கொள்கை உறுதியுடையோரிடத்தும் முழுமையாவதில்லை என்பதற்குச் சான்று. முந்நகரழகி போன்ற நேர்மொழிபெயர்ப்புகள் மக்களிடம் பரவவில்லை. வாயில் எளிதில் புரளும் தமிழ்ச்செல்வி, கயல்விழி, கனிமொழி, பூங்கோதை, மலர்விழி ஆகியன திராவிட இயக்கத்தின் வளர்ச்சியோடு வேரூன்றின. சுயமரியாதைக்காரர்கள் சாதி ஒட்டுகளை நீக்கியதும் இதனோடு சேர்ந்து நடந்தது. எனவே தமிழ்ப் பெயரின் மீட்பு என்பது இன்று தொடங்கியதன்று. நூறாண்டுக் காலமாக அலையலையாக நிகழ்வது. இயக்கக் காலப் பெயரில் கொள்கை முன்னால் நின்றது. தமிழ்ச்செல்வி என்று மகளுக்குப் பெயரிட்டவர் தம் அரசியலை ஊரறியச் சொன்னார். இன்று இனியா என்று பெயரிடுபவர் பெரும்பாலும் அழகையே முதலில் கருதுகிறார். திருமண மேடைகளில் மணமக்களிடம் பிறக்கும் குழந்தைக்குத் தமிழ்ப் பெயர் சூட்டுமாறு தலைவர்கள் கேட்டுக்கொள்ளும் வழக்கம் இன்றும் தொடர்வது, அந்தக் கொள்கை தானாக நடக்கும் நிலையை இன்னும் எட்டவில்லை என்பதையே காட்டுகிறது.

அவ்வாறு எட்டாமைக்குச் சோதிடமும் ஒரு காரணம். பிறந்த நட்சத்திரத்தின் நான்கு பாதங்களுக்கும் நான்கு தொடக்க எழுத்துகள் பஞ்சாங்கங்களில் தரப்பட்டுள்ளன. பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, ட என்றும், ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ என்றும் அமைந்த இந்த வரிசை தமிழ் எழுத்தமைப்பை எண்ணி உருவானதன்று. தொல்காப்பியம் மொழிமுதலில் வராது என்று விலக்கிய எழுத்துகளுள் டகரம் ஒன்று. ஹகரம் தமிழ் நெடுங்கணக்கிலேயே இல்லை. பாட்டிமார் காலத்தில் நட்சத்திரப் பெயர் ஒன்று சடங்கில் சொல்லப்பட்டாலும் புழங்கும் பெயர் தெய்வத்திடமிருந்தும் முன்னோரிடமிருந்தும் வந்தது. பதிவுப் பெயரே நட்சத்திர எழுத்தில் தொடங்க வேண்டும் என்ற பிடிவாதமும், ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் பார்க்கும் எண்கணிதமும் சேர்ந்த பிறகுதான் பொருள் சொல்ல முடியாத பெயர்கள் பெருகின. எழுத்தை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பெயரைத் தேடுவது தமிழ்ப் பெயருக்கு வாசலை அடைப்பதாகும். இந்த ஒரு வழக்கத்தைத் தளர்த்தினாலே பழம்பெயர்களில் பாதி தாமாக மீளும்.

மீண்டு வருபவற்றின் பழைமையை ஆராய்ந்தால் வேறொரு வியப்பு காத்திருக்கிறது. குந்தவை கல்வெட்டில் வாழும் பெயர். முதலாம் இராசராசனின் தமக்கை தஞ்சைப் பெருங்கோயிலுக்கு அளித்த கொடைகளோடு அது கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆதிரை, மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள். ஆனால் பூங்குழலி, கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனில் படைத்த கற்பனைப் பெண். அந்நாவலின் வாசகர்கள் தம் பெண்களுக்கு வானதி, பூங்குழலி என்று பெயரிட்டனர். 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைப்படமாக வந்தபோது அப்பெயர்கள் மீண்டும் பேசப்பட்டன. ஆக, சோழர் காலப் பெயர் என்று கருதப்படுவது பலவேளைகளில் ஐம்பதுகளின் வார இதழ்ப் பெயராக இருக்கிறது. யாழினி, மகிழினி போன்றவையோ இன்னும் இளையவை. பாடினி என்ற பழஞ்சொல்லின் சாயலில் அமைந்த அவற்றைப் பிழையென்று ஒதுக்க வேண்டியதில்லை; ஆயினும் அவை சங்ககாலப் பெண்களின் பெயர்களும் அல்ல. சங்ககாலப் பெண்பாற் புலவர்களின் பெயர்களாக நமக்குக் கிடைப்பவை நச்செள்ளை, நக்கண்ணை, மாசாத்தி, இளவெயினி, வெள்ளிவீதி, பொன்முடி முதலியன. தஞ்சைக் கோயிலில் பணிபுரிந்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களை இராசராசன் கல்லில் பொறித்தான்; சேரமங்கை, சோழகுலசுந்தரி, எடுத்தபாதம் என்றெல்லாம் அப்பட்டியல் நீள்கிறது. எடுத்தபாதம் என்பது கூத்தனின் தூக்கிய திருவடியைக் குறிக்கும் பெயர். ஓர் ஆடல்மகளுக்கு அதனினும் பொருத்தமான பெயரைக் கற்பனை செய்ய இயலாது. உண்மையாகவே பழைய இப்பெயர்களைத் தேடுவோர் மிகச் சிலர். மீள்வது பழைமையைக் காட்டிலும் பழைமையின் ஒலி என்றே சொல்ல வேண்டும்.

இப்போக்கு தமிழருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் அரசின் சமூகப் பாதுகாப்புத் துறை 1880 முதலான குழந்தைப் பெயர்களின் வரிசையை வெளியிடுகிறது. அவ்வாண்டில் பெண்பெயர்களில் மேரி, அன்னா, எம்மா ஆகியன முதல் மூன்று இடங்களில் இருந்தன. எம்மா பின்னர் கிழவிகளின் பெயராகித் தாழ்ந்து, 1970 முதல் 1984 வரை ஜெனிபர் முதலிடத்தில் இருந்த காலமெல்லாம் ஒதுங்கியிருந்து, 2008இல் முதலிடத்தைப் பிடித்தது. இவலின், ஹேசல், வயலட் ஆகியனவும் அவ்வாறே மீண்டன. அதே காலத்துப் பாட்டிகளின் பெயர்களான பெர்த்தாவும் கெர்ட்ரூடும் மில்ட்ரெடும் மீளவில்லை. ஸ்டான்லி லீபர்சன் என்ற சமூகவியலாளர் 2000இல் வெளியிட்ட நூலில், பெயர்களின் ஏற்றத்தாழ்வுக்கு வெளியுலக நிகழ்ச்சிகளை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது, சுவை தன் உள்ளியக்கத்தாலேயே மாறிக்கொண்டிருக்கும் என்று விரிவாக நிறுவினார். தாயின் தலைமுறைப் பெயர் பழகிச் சலித்தது. பாட்டியின் பெயர் முதுமையின் மணம் உடையது. கண்ணால் காணாத கொள்ளுப்பாட்டியின் பெயரோ மீண்டும் புதிதாகக் கேட்கும். அங்கு பெர்த்தா மீளாததற்கு வல்லொலியைக் காரணம் சொல்வர். தமிழ்நாட்டில் பேச்சியம்மாள் மீளாததற்கு ஒலியை மட்டும் காரணம் சொல்ல இயலாது. கண்ணகியின் கதையைச் சொல்லும் காப்பியம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. பேச்சியின் கதை கொடைவிழா இரவில் வில்லுப்பாட்டில் மட்டும் இருக்கிறது. எழுத்தில் ஏறிய பெயருக்கு மீள வழி உண்டு, ஏறாததற்கு இல்லை.

பெண்ணிய நோக்கில் எழும் மறுப்பு இதற்கு எதிர்ப்புறத்திலிருந்து வருகிறது. சாவித்திரி, நளாயினி, அனுசூயா, சீதை, கண்ணகி என்று மீட்கப்படும் பெயர்களில் பல கற்பின் முன்மாதிரிகள். குழல், விழி, இடை என்று உடலழகைக் கூறும் பெயர்கள் வேறு. மகளை அந்த அளவுகோலின் நிழலில் நிறுத்துவதா என்று கேட்கப்படுகிறது. கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் பெயர் தன் கதையிலேயே தேங்கி நிற்பதில்லை. கண்ணகி என்ற பெயரில் பொறையுடைய மனைவியைக் காண்போரும் உண்டு, அரசவையில் சிலம்பை உடைத்தவளைக் காண்போரும் உண்டு. அடங்கிய பெண்மையின் பட்டியலில் எவராலும் சேர்க்க முடியாத பெயர்கள் பாட்டிமாரிடமே இருந்தன என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. காளியம்மாள், இசக்கி, பேச்சி, அங்காளம்மாள் ஆகியோர் சினமுடைய தெய்வங்கள். அவர்கள் பெயரால் அழைக்கப்பட்ட பெண்கள் கணவனை இழந்தும் நிலத்தை உழுதும் பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள். வலிமையான பெயர் வேண்டும் என்று தேடும் இன்றைய பெற்றோர் இவற்றைத் தாண்டிச் செல்வது வருந்தத்தக்கது.

கிறித்தவ, இசுலாமியத் தமிழரிடம் இதே கேள்வி வேறு வடிவில் நிற்கிறது. சவேரியாரின் பெயரிலிருந்து சவரியம்மாள், அந்தோணியாரிடமிருந்து அந்தோணியம்மாள் என்று அயல் பெயரைத் தமிழ் நாவுக்கு வசப்படுத்திய வழக்கம் தேய்ந்து, ஜெனிபரும் ஏஞ்சலும் வந்தனர். சேதுக்கரையில் வழங்கிய செய்யதம்மாள் என்ற பெயரும் அத்தகைய இணைப்பே. அங்கும் அரபு மூலத்தின் சரியான உச்சரிப்பை நாடும் போக்கு, தமிழ் ஈறு சேர்ந்த பெயர்களைப் பின்தள்ளியது. இவ்விரு சமூகங்களிலும் பழம்பெயரின் மீள்வரவு பெரிதாக நிகழவில்லை. சமயம் தமிழோடு கலந்து வாழ்ந்த நூற்றாண்டுகளின் தடயம் அப்பெயர்கள் என்பதால் அவற்றின் மறைவு எல்லாத் தமிழருக்கும் உரிய இழப்பு. ஈழத்திலும் அன்னலட்சுமி, பொன்னம்மா, நாகம்மா, சின்னப்பிள்ளை என்ற வரிசை வினோதினி, சுகந்தி, தர்ஷினி என்ற வரிசைக்கு வழிவிட்டது; புலம்பெயர்ந்த நாடுகளில் பிறக்கும் பெண்களுக்குத் தமிழ்ப் பெயரிட விரும்புவோர், அந்நாட்டு ஆசிரியரின் வாயில் ழகரமும் ளகரமும் என்னவாகும் என்பதையும் எண்ண வேண்டியிருக்கிறது. யாழினியைவிட நிலாவும் இனியாவும் அங்கு எளிதில் வாழ்கின்றன.

பெயரைச் சுமந்தோரின் கருத்தும் ஒன்றாக இல்லை. குப்பம்மாள், பிச்சையம்மாள் என்ற பெயர்களால் வகுப்பறையில் கேலிக்கு உள்ளானவர்கள் அரசிதழில் அறிவித்துப் பெயரை மாற்றிக்கொள்வது உண்டு. அவர்களிடம் போய்ப் பழம்பெயரின் பெருமையைப் பேசுவது பொருந்தாது. அதே பெயரை மாற்ற மறுத்து, தாயின் மன்றாட்டு அதிலிருக்கிறது என்று சொல்வோரும் இருக்கிறார்கள். இருவருக்கும் பொதுவானது ஒன்றே: தேர்வு அவர்களுடையதாக இருக்க வேண்டும் என்பது. முன்னோர் பெயரை ஒரு கடனாகப் பேத்தியின் தலையில் ஏற்றுவதை எதிர்ப்போர் இதனைத்தான் வலியுறுத்துகிறார்கள். ஆனால் ஹர்ஷிதாவும் தன் பெயரைத் தானே தேர்ந்தெடுக்கவில்லை. எந்தப் பெயரும் பிறர் இட்டதே என்னும்போது, அதனை இட்டவர் எண்ணிப் பார்த்து இட்டாரா என்பதே கேட்கத்தக்கது. ஒலிக்காக மட்டும் வைத்த பெயரைவிட, எழுபது ஆண்டு வாழ்ந்த ஒரு பெண்ணின் நினைவாக வைத்த பெயருக்கு மகளிடம் சொல்ல ஒரு கதையாவது இருக்கும்.

நடைமுறையில் குடும்பங்கள் இந்த முரணைத் தம் வழியில் தீர்த்துவருகின்றன. விசாலாட்சியைச் சாலாவாகவும், மீனாட்சியை மீனுவாகவும், உலகம்மையை உலகாவாகவும் சுருக்கி அழைக்கிறார்கள். ஈறாக நின்ற அம்மாளையும் ஆயியையும் நீக்கி வடிவு, செல்லா, மாரி என்று எஞ்சியதை முழுப்பெயராக்குகிறார்கள். அன்று இழிவாகக் குறுக்கிய அதே மாரி, இன்று பெற்றோரே விரும்பி இடும்போது நிமிர்ந்த பெயராகிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் பெயரில்லாமலே பிறப்பைப் பதிவுசெய்ய இடந்தந்து, ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ள வழிசெய்திருக்கிறது. அதற்குள்ளாகவே பெரும்பாலான வீடுகளில் பெயர் சூட்டும் நாள் வந்துவிடுகிறது. அன்று குழந்தையின் காதில் மூன்று முறை சொல்லப்படுவது பல வீடுகளில் இன்னமும் பாட்டியின் பெயராகவோ குலதெய்வத்தின் பெயராகவோதான் இருக்கிறது; அலுவலகப் படிவத்தில் எழுதப்படுவது வேறொன்று. காதில் சொன்ன பேச்சியம்மாளும் காத்தாயியும் படிவத்தின் முதல் கட்டத்திலோ, அதற்கு இடமில்லையேல் இரண்டாம் பெயராகவோ எழுதப்படும் வீடுகள் இப்போதைக்கு மிகச் சில.